கருவாடு மணத்த பச்சைத் தேநீர்

தேயிலை ருசிபார்க்கும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் நிர்வாகத்தில் கேட்டு மாதக்கணக்காகிறது. எதை எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் என் மகனின் படுக்கையை உதறியபோது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை பாட்டில் உருண்டு விழுந்தது. எதை எழுத வேண்டும் என்பது அன்றைக்கு முடிவாகிவிட்டது.

தூக்க மாத்திரை என்றுதான் முதலில் நினைத்தேன். பெற்றவளுக்கு அந்த மாதிரி நேரத்தில் நல்ல நினைப்பு எதுவும் வருவதில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படிப்பதற்குள் என்னென்னவோ ஓடிவிட்டது. பாட்டிலில் எல்-தியானின் என்று இருந்தது. பச்சைத் தேயிலையில் உள்ள அமினோ அமிலம், மனத்தை அமைதிப்படுத்தும் என்று அதன்கீழே எழுதியிருந்தது. உயிர் திரும்பி வந்தது.

மாலையில் அவன் வந்ததும் பாட்டிலை மேசைமேல் வைத்தேன்.

"அம்மா, நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. நீ ஆயுசு முழுக்க குடிச்சதுதான் அதுல இருக்கு."

"அப்போ டம்ளர்ல குடிக்கறதுதானே. தலகாணிக்கு அடியில அதுக்கு என்ன வேலை?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அவனும் நம் தொழிலில்தான் இருக்கிறான், வேறொரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில். உயர்ந்த மலைத் தோட்டத்து இலை ஒன்றில் மல்லிகை வாசனை வருகிறது, வெளிவாசனை கலந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பேக்கிங் பிரிவில் ஒரு பெண் அன்று தலையில் பூ வைத்திருந்தாளாம். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து இவனுக்குத் தூக்கம் இல்லை.

அந்தப் பாட்டிலில் இருக்கும் பொருளின் ருசியை நான் முதன்முதலாக அறிந்த கதையை அன்று அவனுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்றைக்கு இருக்கும் புகைபோக்கிகள் அன்று கிடையாது. புதுவாயலைத் தாண்டி நெடுஞ்சாலையில் போனால் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே எங்கள் தேயிலை பேக்கிங் ஆலையின் தகரக் கூரை மட்டும் வெயிலில் மின்னும். மலையிலிருந்து பெட்டி பெட்டியாக இலை வரும். கலந்து, பொட்டலம் கட்டி, வடசென்னையிலிருந்து நெல்லூர் வரைக்கும் அனுப்புவோம். நான் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் வைணவக் குடும்பத்துப் பெண். வேதியியல் படித்துவிட்டு, மீஞ்சூரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ருசி அறையில் உதவியாளர். அந்த அறைக்குள் பூ, தலைக்கு எண்ணெய், வாசனைச் சோப்பு எதுவும் கூடாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தலையில் பூ வைப்பதை விட்டேன். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

அறையின் தலைவரை எல்லோரும் டேஸ்டர் சார் என்றுதான் கூப்பிடுவோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மயிலாப்பூர்க்காரர். வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டியை விட்டு உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்பிக்கொண்டே போவார். எந்த மலை, எந்தச் சரிவு, மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா என்று சொல்லிவிடுவார். அவர் மூக்கின் பேரில் லாரிகள் திரும்பிப் போயிருக்கின்றன. அந்த அறை ஜன்னலில் விழும் வடக்கு வெளிச்சமும், கிண்ணங்களிலிருந்து எழும் ஆவியும், அவருடைய உறிஞ்சலும் இப்போதும் சில சமயம் கனவில் வருகின்றன.

அந்த வருடம் ஒரு நீலகிரித் தோட்டம் வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்காகப் புதுவிதமாகப் பச்சைத் தேயிலை தயாரித்தது. பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு மேல் மூங்கில் தட்டி கட்டி வெயிலை மறைத்து வளர்த்த இலை. பொட்டலம் கட்டும் வேலை எங்களுடையது. பெட்டிகள் வந்து கிடங்கில் இறங்கின. அன்று காலையில் நன்றாக மழை பெய்தது. மறுநாள் காலையில் டேஸ்டர் சார் ருசி பார்த்தார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே முறைப்படிதான் தயாரித்தோம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், வழக்கமான நேரம், பிறகு ஒரு கரண்டி பால். நம் ஊர்க்காரர்கள் பால் விட்டுத்தானே குடிக்கிறார்கள். அதனால் எங்கள் அறையில் எல்லாக் கிண்ணத்திலும் பால் உண்டு. டேஸ்டர் சார் கிண்ணத்தின்மேல் குனிந்தார். உறிஞ்சவே இல்லை. நிமிர்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, கருவாட்டு நாத்தம் வர்றதே!"

நானும் மோந்தேன். ஏதோ கடல் வாடை குப்பென்று வந்தது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று திறந்த எல்லாவற்றிலும் அதே வாடை.

செய்தி மேனேஜர் அறைக்குப் போனது. அங்கிருந்து ஒரே எட்டில் கிடங்குக்குப் போனது. ஏனென்றால் கிடங்குப் பொறுப்பில் இருந்தவன் தேசப்பன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். அவன் மனைவி கும்மிடிப்பூண்டிச் சந்தையில் கருவாடு விற்கிறவள். காலையில் அவளுடைய கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். ஆலை கேட்டருகே அவள் வந்து வாங்கிக்கொண்டு போவாள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மேனேஜர் அவனைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து விசாரித்தார். நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நேத்து மழை பெஞ்சுதே, அப்போ கூடை எங்க இருந்துது?"

"வாட்ச்மேன் ரூம் தாவாரத்துல சார். கிடங்காண்ட எட்த்துனு போவேனா? எழுத்து தெரியாட்டியும் அது தெரியாதா எனக்கு?"

"வாட்ச்மேன் பாத்தானா?"

"அவன் நாஷ்டா துன்னப் போயிட்டான் சார்."

"அப்போ பாத்தவன் யாரும் இல்ல."

"கூடை பாத்துது சார்" என்றான் தேசப்பன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. வெளிநாட்டு வியாபாரியின் ஆள் மறுநாள் சாயங்காலம் வருகிறார். சரக்கு கெட்டதென்றால், யாரால் கெட்டது, அவனை என்ன செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். டேஸ்டர் சார் எழுத்தில் கொடுத்ததும் தேசப்பனின் கணக்கை முடித்துவிடுவது என்று தீர்மானமானது.

அந்த வேலை போனால் அவனுக்கு என்ன ஆகும் என்பதை வாட்ச்மேன்தான் எனக்குச் சொன்னார். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்பதைக் குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று அதற்குப் பெயர். ஆலையில் வேலை நிரந்தரமானதும் தேசப்பன் தன் பாட்டைக் கல்யாணமான தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். "இப்ப திரும்பிப் போய் குட்றான்னு கேக்க முடியுமா? அவனும் புள்ளகுட்டிக்காரனாச்சே. இங்க போச்சுன்னா அங்கயும் தண்ணி இல்லம்மா இவனுக்கு" என்றார் அவர்.

அன்று மாலை ரயிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. பெட்டியைத் திறந்து காய்ந்த இலையை எடுத்துக் கொடுத்தவள் நான். அப்போது எந்த வாடையும் இல்லை. வெட்டிய புல்லைப் போல இருந்தது. வாடை கிளம்பியது கொதிநீரும் பாலும் பட்ட பிறகுதான். வெளியிலிருந்து ஒட்டிய வாசனை என்றால் காய்ந்த இலையிலேயே அடித்திருக்க வேண்டாமா?

இரண்டாவது விஷயத்தை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டேஸ்டர் சார் பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. நானும் அப்படித்தான். கருவாடு என்று தீர்ப்புச் சொன்ன எங்கள் இருவரில் ஒருவர்கூடக் கருவாட்டைப் பக்கத்தில் வைத்து மோந்ததில்லை.

மறுநாள் காலை மீஞ்சூரில், எப்போதும் ஏறும் பெட்டியை விட்டுவிட்டுக் கூடைக்காரப் பெண்கள் வரும் பெட்டியில் ஏறினேன். பொன்னேரியில் அவர்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி கேட்டாள்.

"இன்னா பாப்பா, வழி தப்பி ஏறிட்டியா?"

"இல்லீங்க. கருவாடு வேணும்."

"அய்ய! அய்யரூட்டுப் பொண்ணு கருவாடு கேக்குது பாருடி!"

"மொதல்ல மோந்து பாக்கணும்" என்றேன்.

பெட்டியே சிரிப்பில் அதிர்ந்தது. "மோக்கறதுக்கு டப்பு வாங்க மாட்டோம், நல்லா மோந்துக்கோ" என்று ஒருத்தி கூடையின் மூடியை என் முகத்துக்கு நேராகத் திறந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுக்கே அழுதா, கொழம்பு கொதிக்கும்போது இன்னா பண்ணுவ?" என்றாள் இன்னொருத்தி. ஆனால் அந்தக் கண்ணீரோடே எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுக் கிண்ணத்தில் வந்தது இது இல்லை. அதிலும் கடல் இருந்தது, இதிலும் கடல் இருந்தது. ஆனால் இது உப்பில் காய்ந்த மாமிச வாடை. அது ஈரப் பாசியின் வாடை.

எனக்குத் தெரிந்தால் போதாது. டேஸ்டர் சாருக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் கருவாடு வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். ஆலையில் இரண்டு தகர டப்பாக்களை எடுத்தேன். ஒன்றில் எங்கள் வழக்கமான தேயிலையோடு கருவாட்டையும் ஒரு துணியில் முடிந்து போட்டு மூடினேன். ருசி அறைப் பக்கமே அதைக் கொண்டுபோகாமல் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். "இன்னாம்மா, இன்னிக்கு கொழம்பா?" என்று அவர் பங்குக்கு அவரும் கேட்டார். இன்னொரு டப்பாவில், அதுவரை திறக்காத பெட்டி ஒன்றின் ஈயத்தாளைக் கிழித்து நடுவிலிருந்து எடுத்த அந்த நீலகிரி மலை இலையைப் போட்டேன். தேயிலை எந்த வாசனையையும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். மத்தியானம் வரை காத்திருந்தேன். பிறகு கருவாட்டு முடிச்சை எடுத்துவிட்டு, டேஸ்டர் சாரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"கண்ணை மூடிக்கோங்கோ சார். வெறும் இலைதான். மோந்து பாருங்கோ."

முதலில் மலை இலை. "புல்லு வாசனை. சுத்தமா இருக்கு. எந்தப் பெட்டி?" என்றார். பிறகு மற்ற டப்பாவைத் திறந்தேன். பின்னால் நகர்ந்து சுவரில் மோதிக்கொண்டார்.

"சீ! என்ன கண்றாவி இது?"

"இதுதான் சார் கருவாடு. முதல்ல காட்டினதுதான் நேத்திக்கு நீங்க வேண்டாம்னு சொன்ன சரக்கு."

அவர் கண்ணைத் திறந்து இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கால் பேர் வாங்கிய மனிதர். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். "தண்ணி வை" என்றார். "கொதிச்சப்புறம் இறக்கி ஆற விடு. பால் வேண்டாம்."

வந்த சாறு இளம் மஞ்சளாக இருந்தது. அவர் உறிஞ்சினார். துப்பும் தொட்டியின் பக்கம் பழக்கத்தில் திரும்பியவர் நின்றார். விழுங்கினார். அத்தனை வருடத்தில் அவர் விழுங்கி நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். நல்ல பருப்புச் சாற்றின் தெளிவை வாயில் வைத்தது போல, நாக்கின் அடியில் ஒரு கனமான இனிப்பு தங்கியது. பேசாமல் இரண்டு பேரும் கிண்ணத்தைக் காலி செய்தோம். வெளியே சவுக்குத் தோப்பில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் படபடப்பு எப்போது அடங்கியது என்றே தெரியவில்லை.

அந்த ருசிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. ஜப்பானில் அதை முன்பே பிரித்தெடுத்துத் தியானின் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். தேயிலைச் செடி வேரில் அதைத் தயாரித்து இலைக்கு அனுப்புகிறது. வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி துவர்ப்பாக மாறிவிடும். நிழலில் வளர்ந்தால் அப்படியே தங்கும். பாசி வாடை வேறொரு பொருளால் வருவது. அதுவும் நிழல் இலையில்தான் தூக்கலாக இருக்கும், கொதிநீர் பட்டால் கிளம்பும்.

உடம்புக்கு அது என்ன செய்யும் என்று உங்களிடம் கேட்பார்கள். அதனால் நான் அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தியானின் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. தூங்க வைக்காமல் மனத்தின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்று பார்த்திருக்கிறார்கள். தேநீரில் காஃபினும் இருப்பதால் இரண்டும் சேர்ந்து நிதானமான விழிப்பைத் தருவதாகத் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு கிண்ணத்தில் இருப்பது சிறிய அளவு, மாத்திரையில் அடைப்பது அதைவிட அதிகம். அது நோய்க்கு மருந்தில்லை. ரத்த அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொட வேண்டாம். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இதற்கு மேல் பொட்டலத்தில் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அன்று எங்களை அமைதியாக்கியது தியானின்தானா என்று என்னால் சொல்ல முடியாது. வழக்கமாகத் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு ஓடுகிற இரண்டு பேர், ஒரு கிண்ணத்தை முழுதாகக் குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தோம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். "சார், அவன் விஷயமா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, அந்த ஆள் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

"எழுத ஒண்ணும் இல்ல" என்றார் டேஸ்டர் சார். "சரக்கு நன்னா இருக்கு. என் மூக்குதான் தப்பு."

"அப்படிச் சொன்னா உங்க பேர் என்ன சார் ஆகும்? நாளைக்கு நீங்க வேண்டாம்னு தள்ளற சரக்குக்கெல்லாம் தோட்டக்காரன் இதையே சொல்லுவான்."

"சொல்லட்டும்."

அதைத் தன் அறையிலேயே சொல்லிவிட்டு இருந்துவிடவில்லை அவர். வெள்ளைக் கோட்டோடு வெயிலில் நடந்து கேட்டுக்குப் போனார். முந்தின நாள் யார் யார் முன்னால் தேசப்பனை விசாரித்தார்களோ அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். தேசப்பன் எதிர்ப் புளியமரத்தடியில் மனைவியோடு குந்தியிருந்தான். அவர் வருவதைப் பார்த்து எழுந்தான்.

"தேசப்பா, உன் கூடைமேல தப்பு இல்ல. நான் வாழ்க்கையில கருவாட்டை மோந்ததே இல்ல. தெரியாம சொல்லிட்டேன்."

அவன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு சொன்னான்: "இன்னிக்கே சொல்லிட்டீங்க சார். நாளைக்கு சொல்லியிருந்தீங்கன்னா நான் தம்பியாண்ட போய் நின்னிருப்பேன். ரெண்டு ஊடும் பேஜாராயிருக்கும்."

அவன் மனைவி இடையில் புகுந்தாள். "அது இன்னா தண்ணி சார், எம்புருசனை வேலைய உட்டுத் தூக்கப் பாத்துது? கொஞ்சம் குடுங்க, நாங்களும் பாக்கறோம்."

கொண்டுவந்து கொடுத்தேன். இருவரும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். அவள் முகத்தைச் சுளித்தாள். "இதுலயா கருவாடு வாசனை? ஒண்ணுமே இல்லியே, கஞ்சித் தண்ணி மேரி கீது!" டேஸ்டர் சார் வாய்விட்டுச் சிரித்தார். சாயங்காலம் வந்த வியாபாரியின் ஆளும் அதே தேநீரைக் குடித்தார். இந்தக் கடல் வாசனைக்காகத்தானே தட்டி கட்டச் சொன்னோம் என்றாராம்.

தேசப்பன் அந்த ஆலையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றான். அதன்பிறகு டேஸ்டர் சார் எந்தச் சரக்கை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பும் திறக்காத பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லி, காய்ந்த இலையை மோந்து பார்ப்பார். ஒரு வாசனையை இன்னதென்று சொல்லும் முன் அதை ஒருமுறையாவது நேரில் மோந்திருக்க வேண்டும் என்பார். நம் அறையில் இன்றும் முதலில் வெறும் இலையை மோக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாராவது யோசித்திருந்தால், அங்கிருந்துதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மகன் கேட்டான்: "அப்போ நான் எழுதினது தப்புங்கறியா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? சரியாவே இருக்கலாம். உயர்ந்த மலை இலையில பூ வாசனை தானாவும் வரும். அவ வச்சிருந்த பூவாலயும் வந்திருக்கலாம். திறக்காத பெட்டி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவன் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான். இரவெல்லாம் அவன் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் விழித்திருந்தேன்.

காலையில் நான் எழுந்தபோது அவன் வழக்கமான ரயிலுக்கு முந்தின ரயிலில் போய்விட்டிருந்தான். மாத்திரை பாட்டில் மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். மிளகாயும் தனியாவும் இரண்டு பாத்திரங்களில் கொட்டிக் கிடந்தன. அவை இருந்த இரண்டு டப்பாக்களும் இல்லை; அவற்றைக் கழுவித் துடைத்த துணி ஈரமாகக் கொடியில் தொங்கியது. பூஜை மாடத்தில் பெருமாளுக்கு வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் காணோம்.